பருத்தி எங்கிருந்து வந்தது

மார்ச் 8, சனி
எங்கள் ஊரான மிச்சத்திலிருந்து (Mitcham) ட்ராமில் போனேன். ஆற்றங்கரையில், ஒருகாலத்தில் துணிக்கு அச்சிட்ட ஆலை. இப்போது சின்ன அருங்காட்சியகம். சனிக்கிழமைகளில் அங்கே வழிகாட்டியாக நிற்கிறேன். சம்பளமில்லை, ஆனால் வாரத்தில் எனக்குப் பிடித்த நாள் இதுதான்.

இன்று ஒரு சிறுமி கேட்டாள்: "இந்த ஆற்றங்கரையில் பருத்தி விளையுமா?"

எனக்குத் தந்த தாளில் "இயந்திரம் வந்தது, துணி மலிந்தது" என்பதோடு கதை முடிந்துவிடும். தாளை மடித்து வைத்தேன். அமெரிக்காவில் அடிமைகள் பறித்த பருத்தி, இந்தியப் பருத்தி. ஆலைகள் பெருகப் பெருகப் பஞ்சும் போதவில்லை, துணி வாங்க ஆட்களும் போதவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் ஆங்கிலேயர் நாடு பிடித்தார்கள், அங்கே நெசவாளரின் தறிகள் நின்றுபோயின — எல்லாம் சொன்னேன்.

என்னோடு வழிகாட்டியாக நிற்கும் பீற்றருக்கு முகம் சிவந்துவிட்டது. எண்பது வயது. "என் பூட்டன் ஒன்பது வயதில் இங்கே இரண்டு விரலை அச்சு உருளைக்குப் பறிகொடுத்தவர். அவரா நாடு பிடித்தார்?"



மார்ச் 9
"உமக்கேன் மலர் இந்த வேலை? சும்மா துணியைக் காட்டிப்போட்டு வாருமன்," என்றார் என் கணவர் ஜீவரத்தினம்.
"ஏலாது," என்றேன்.
ஆனால் அந்த இரண்டு விரல்? அதை நானும் சொல்லவில்லைத்தானே.

மார்ச் 15
பீற்றர் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். நிர்வாகக் குழு முடிவெடுக்கும்வரை நான் பேசக்கூடாதாம். வாசலில் டிக்கெட் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். எனக்கென்ன விசரே, சம்பளமில்லாத வேலைக்கு அழுறதுக்கு?

மார்ச் 22
தேத்தண்ணி கொண்டுபோய் பீற்றருக்கு முன்னால் வைத்தேன்.
"உங்கள் பூட்டனின் பெயர் என்ன?"

தோமஸ். ஊரில் வயல்வேலை இல்லாமல்போய், குடும்பமே ஆலைக்கு வந்ததாம். தாய், பிள்ளைகள், எல்லோரும். விரல் போனதால் தோமசை இராணுவத்தில் எடுக்கவில்லை. தம்பியை எடுத்தார்கள். அவன் மதராசில் காய்ச்சலில் செத்துப்போனான்.

"மதராஸ்" என்றதும் பீற்றர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்டதில்லை."

ஏப்ரல் 5
பழைய தாளுக்குப் பதிலாக நானும் பீற்றரும் எழுதிய ஒரு பக்கத்தைக் குழு ஏற்றுக்கொண்டது; நான் மறுபடி பேசலாம். தோமஸ் அவர் பங்கு, தறிகள் என் பங்கு.

மே 10
பீற்றருக்குத் தடிமன். போனில் குரல் கரகரத்தது: "இன்றைக்குத் தோமசையும் நீங்களே சொல்லிவிடுங்கள்."

இருபத்தாறு பிள்ளைகள். உருளைக்குப் பக்கத்தில் நின்று, தோமசிலிருந்து தொடங்கினேன்.