மச்சத்தின் மேல் ஓர் அம்பு

மரெம்மா சமவெளியில் குளிர்காலம் முடியும்வரை ஆடு மேய்க்கப் போன என் வீட்டுக்காரருக்கு,

நொண்டி ஆடு குட்டி போட்டதா? உங்கள் அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். நான் சொல்லச் சொல்ல கோவிலில் மணியடிப்பவர் எழுதுகிறார், அதனால் எல்லாவற்றையும் சொல்ல முடியாது.

கோடையில் ஓவியருக்காகச் சட்டையைக் கழற்றித் தூணோரம் நின்றீர்களே, அம்புகள் பாய்ந்த அந்தப் புனித செபஸ்தியார் படத்தைக் கோவிலில் வைத்துவிட்டார்கள். கொள்ளைநோய் வராமலிருக்க ஊர்ப் பெண்களெல்லாம் படத்தின் பாதத்தில் உதடு வைத்து முத்தி செய்கிறார்கள். அது போகட்டும். விதவை பியாமெத்தா முக்காலி போட்டு ஏறி, கக்கத்துக்குக் கீழே இருக்கும் உங்கள் மச்சத்தை முத்தி செய்கிறாள். அது எனக்கு மட்டும் தெரிந்தது என்று நினைத்திருந்தேன்.

கேட்டால், "கொள்ளைநோய்க் கட்டி காலுலயாடி வருது? கக்கத்துலதானே வருது. இவரு உன் புருஷன் இல்லடி, புனிதரு" என்கிறாள்.

ஓவியரிடம் ஒரு பாலாடைக்கட்டியைக் கொடுத்து, "மச்சத்து மேல இன்னொரு அம்பு போடுங்கய்யா" என்றேன்.

"ஏம்மா, ஏற்கெனவே மனுஷன் முள்ளம்பன்றி மாதிரி நிக்கிறான்" என்று சிரித்துக்கொண்டே வரைந்தார்.

அம்பு ஏறி ரத்தம் வழிந்ததும் என் கை தானாகப் போய் அந்த இடத்தைப் பொத்திக்கொண்டது. சாயம் காயவில்லை. ஓவியர் திட்டினார். பிறகு வெகுநேரம் பார்த்துவிட்டு, துடைக்காமல் விட்டுவிட்டார்.

இப்போது உங்கள் விலாவில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருக்கின்றன. பியாமெத்தா இனி என் கையைத்தான் முத்தி செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
புனிதர் ஆகாதவரின் பெண்டாட்டி