வலது பக்கம் குத்தியவை

நைனா, இன்று நாவலூர் கடையில் ரோஸ் நிறப் பல்பொடி வாங்கினேன். எங்கள் வீட்டில் யாரும் அதில் பல் தேய்ப்பதில்லை. உன் தாத்தாவின் பதக்கங்களைத் துலக்கத்தான். டப்பாவைத் திறந்ததும் அந்த வாசனையோடு நீயும் வந்து உட்கார்ந்துகொண்டாய், விரலெல்லாம் பொடியாக.

இரண்டு வெள்ளி, ஒன்று வெண்கலம். வெண்கலத்தில் இறக்கை விரித்து நிற்பவளைச் சம்மனசு, அதாவது தேவதூதர், என்று நினைத்து, மாதா கோயில் பூசைக்குக் கிளம்பும்போது தொட்டுக் கும்பிடுவோம். அவள் போர் வெற்றிக்கான உருவம் என்று பிற்பாடு படித்தேன். சொன்னாலும் நீ கேட்டிருக்க மாட்டாய்.

படாளம் கிராமத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவரின் மகன் உன் தாத்தா, வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர்ந்து, முதல் உலகப் போரில் பஸ்ரா பக்கம் ஆற்றுக்குப் பாலம் போட்டு, நாயக், அவில்தார் என்று ஏறி ஜமேதார் ஆனார். ஊர் திரும்பிய ஆபீசரைப் பெரிய தெருவில் நடக்க விடவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் உயரும்.

சிக்கல் அந்த ஜமேதார் என்ற சொல்லில்தான் இருந்தது. நம் பக்கத்து ஜனங்களுக்கு ஜமேதார் என்றால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் டவாலிப் பட்டை போட்டு நிற்பவர். நீ வேறு சிறுசேரியில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. வாசலில் நிற்பது உங்கள் பரம்பரைத் தொழிலா என்று கேலி செய்வார்கள். உன் தாத்தா ஆபீசர்தான் என்று யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், உனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மாமல்லபுரம் மண்டபத்தில் என் கல்யாணத்தன்று அந்தப் பதக்கங்களைச் சட்டையின் இடது பக்கம் குத்திக்கொண்டு வந்தாய். மாப்பிள்ளையின் சித்தப்பா சும்மா இருக்கவில்லை.

"இன்னா சம்பந்தி, கலெக்டருக்குக் கதவு தொறந்ததுக்கு மூணு மெடலா?"

எல்லோரும் சிரித்தார்கள். உன் முகம் சுருங்கியது. மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கிவிடலாமா என்று எனக்கு ஆத்திரம். அப்போதுதான் அவர்கள் பக்கத்து உறவுக்காரர், பட்டாளத்தில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுந்து வந்து பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் படித்தார்.

"யோவ், சும்மா இரு. பேரோட ஜமேதார்னு போட்டுக்கீது. அந்தக் காலத்துப் பட்டாளத்துல ஜமேதார்னா ஆபீசரு. நானே சல்யூட் அடிக்கணும்."

அவர் உன்னிடம் குனிந்தார்.

"ஆனா அண்ணாத்த, பக்கம் மாத்திக் குத்திகினு கீற. சம்பாரிச்சவன்தான் இடது பக்கம் குத்துவான். செத்துப்போனவங்களோடதுன்னா வலது பக்கம்."

வேறு யாராவது என்றால் கூசிப்போயிருப்பார்கள். நீ மேடையிலேயே கழற்றி வலது பக்கம் குத்திக்கொண்டாய்.

"இதான் ஷோக்கா கீது. பாக்குறவனுக்கே தெரியும், எங்க தாத்தாவோடதுன்னு!"

அன்று பந்தியில் நீ இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தாய்.

நாளை உனக்கு முதல் வருஷ நினைவுப் பூசை. துலக்கிய பதக்கங்களைச் சுடிதாரில் வலது பக்கம் குத்திக் கண்ணாடியில் பார்த்தேன். சம்மனசுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. சிறுசேரி கேட்டில் வெயிலும் மழையுமாக நீ குத்திக்கொண்டு நின்ற, உன் பெயர் போட்ட பேட்ஜை எடுத்தேன். அதற்கும் பல்பொடி போட்டுத் தேய்த்தேன். பிளாஸ்டிக், நைனா, பளபளக்கவில்லை.

உன் சட்டையில் அது எப்போதும் இடது பக்கம்தான் இருந்தது. நான் வலது பக்கம் குத்திக்கொண்டேன்.