வாடைக்குப் போட்ட புகையிலை

ஆரணி
12.8.1999

அன்பு மகன் சந்திரமோகனுக்கு அம்மா எழுதுவது. படவேட்டு ரேணுகாம்பாள் புண்ணியத்தில் இங்கே நானும் உன் தங்கை காவ்யாவும் சௌக்கியம், சூரத்தில் நீயும் மருமகள் சுகன்யாவும் அப்படியே இருக்க அவளையே வேண்டிக்கொள்கிறேன். மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டது, பக்கத்துத் தறி ஜெயவேல் மாமாதான் வந்து இறைத்தார்.

சுகன்யா எழுதியிருந்தாள், அவளைக் கோபிக்காதே. உன் தொண்டையிலிருந்து நொய் மாதிரி வெள்ளையாக வருகிறதாம், அந்த நாற்றத்துக்காக நீ குட்கா போடுகிறாயாம், அவளிடம் முகம் கொடுத்தே பேசுவதில்லையாம். உன் அப்பாவுக்கும் இதேதான் இருந்தது. பாவு நூலைப் பிணைக்கும்போது இரண்டு பேர் முகத்தோடு முகம் வைத்துத்தானே உட்கார வேண்டும், ஒருநாள் ஜெயவேல் மாமா மூக்கைத் திருப்பிக்கொண்டார், அந்த வெட்கத்தில்தான் அப்பா புகையிலை அடக்க ஆரம்பித்தார். பட்டுப் பிசிறு தொண்டையில் தங்கி நாறுகிறது, தறிக்காரனுக்கு அது இருக்கும் என்றே எல்லோரும் நினைத்தோம். புற்று வந்து அவர் போனபோதும் பிசிறைத்தான் திட்டினோம்.

உன் சங்கதியை வேலூரில் தொண்டை டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். அதற்கு டான்சில் கல் என்று பேராம். டான்சிலில் இருக்கும் சின்னக் குழிகளில் சோற்றுத் துணுக்கும் கிருமியும் சேர்ந்து இறுகுவதாம், பெரும்பாலும் ஆபத்தில்லை, யாருக்கும் தொற்றாது என்றார். சாப்பிட்டதும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தொண்டைவரை கொப்பளி, நாக்கை வழி, தண்ணீர் நிறையக் குடி. ஊக்கு, குச்சி விட்டு நோண்டாதே. ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ, விழுங்க வலித்தாலோ, ரத்தம் கண்டாலோ ஜல்தியாக டாக்டரிடம் காட்டு. அப்பாவுக்கு அந்தக் கல்தான் புற்றானதா என்று கேட்டேன். கல்லு புத்தா மாறாதும்மா, பொகையிலதான் அந்த வேலையச் செஞ்சிருக்கும் என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். உப்புத் தண்ணீரில் போயிருக்க வேண்டிய வாடைக்கு மனுஷனையே கொடுத்துவிட்டோமே மோகா.

அன்றிலிருந்து விடிந்தால் தறிப்பக்கம் உன் அப்பா காறுவது கேட்கிறது. காத்துதாம்மா, பேஜார் பண்ணாதே என்கிறாள் காவ்யா. போன வாரம் பக்கத்து வீட்டு அம்மணி அக்கா போனுக்கு நீ போன் செய்தபோது பேசுமுன் காறினாயே, அது அவருடைய காறல். நான் பயந்து ரிசீவரை வைத்துவிட்டேன், லைன் கட்டானது என்று நீ நினைத்திருப்பாய்.

குட்கா பொட்டலத்தை இன்றே சாக்கடையில் போடு. சுகன்யாவைப் பார்த்துப் பேசு, அவள் மூக்கைத் திருப்பவில்லை, எனக்குக் கடிதம் போட்டாள். இரண்டு பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அக்கா வீட்டில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். நான் எடுத்ததும் முதலில் அம்மா என்று கூப்பிடு, காறுவதெல்லாம் அப்புறம். பேசுவது நீதான் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா தனகோடி