அண்ணன் சொன்ன சாட்சி

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நான் சுகம். உங்கள் நால்வரின் சுகத்துக்கும் தினமும் மன்றாடுகிறேன்.

வீட்டுக்கு எழுதாமல் தையல் கூடத்து முகவரிக்கு எழுதியிருக்கிறாளே என்று திகைக்காதீர்கள். போன் செய்தால் அண்ணன்தான் எடுக்கிறார். "அவ ஜெபத்துல இருக்கா" என்கிறார். காலையில் கூப்பிட்டாலும் ஜெபம், மாலையில் கூப்பிட்டாலும் ஜெபம். அப்படியானால் வீட்டில் அடுப்பு மூட்டுவது யார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் தன் போனை என்னிடம் நீட்டினாள். "அக்கா, இது உங்க அண்ணன்தானே?" வீடியோவில் உங்கள் ஜெப மன்றத்து மேடை, அதில் அண்ணன், கையில் மைக். பக்கத்தில் நம் பெரியவள். "என் மகளுக்கு இனிமே வலிப்பு இல்லை. மாத்திரையும் இல்லை" என்று அண்ணன் சொல்ல, கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது. பெரியவள் சிரிக்கிறாள். நீங்கள் அவளுக்குப் பின்னால் நிற்கிறீர்கள், இரண்டு கைகளையும் அவள் முதுகை ஒட்டி விரித்தபடி. விழுந்தால் தாங்கிக்கொள்ள நிற்கிறவளைப் போல. நான் அந்தக் கைகளை மட்டும்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அண்ணி, மாத்திரையை உண்மையிலேயே நிறுத்திவிட்டீர்களா?

நம் கோயிலில் புதிதாக ஒன்றுமில்லை. வருகிற தலைகளைவிடத் தூண்கள் அதிகம். ஆயர் குனிந்த தலை நிமிராமல் பிரசங்கத்தை வாசிக்கிறார். மார்ச்சில் ஆண்டுக் கூட்டம். பல வருஷமாகத் தேர்தலே வைக்காமல் அதே செயலர், அதே கமிட்டி. இந்த முறை தேர்தல் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறேன். நானும் நிற்பேன். சிரிக்காதீர்கள்.

பதில் எழுதுங்கள். பயமாக இருக்கிறது.

உங்கள்
குட்டி


பிப்ரவரி 15

என் அன்புக் குட்டிக்கு,

உன் கடிதத்தைச் சீருடைத் துணிகளுக்கு நடுவே வைத்துப் படித்தேன். வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருஷத்தில் எனக்கென்று இங்கே ஒரு கடிதம் வந்ததில்லை. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மகிழ்ச்சியாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

நீ எங்கள்மேல் வருத்தப்படுகிறாய். சரி. ஆனால் நாங்கள் ஏன் தாய்ச்சபையை விட்டுப் போனோம் என்பதை மறந்துவிடாதே. ஆராதனை நடுவில் பெரியவள் பெஞ்சுக்கடியில் விழுந்து துடித்தபோது, முன்னால் இருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஆயர் வாசிப்பதை நிறுத்தவில்லை. ஓடி வந்தது நீ ஒருத்திதான். அடுத்த வாரம் செயலர் உன் அண்ணனைக் கூப்பிட்டு, "பிள்ளைய இனிமே கடைசி பெஞ்சில உட்கார வைங்க, மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கு" என்றார். ஒருவராவது வீட்டுக்கு வந்து பார்த்தார்களா? மன்றத்தில் முதல் நாளே முன்பின் தெரியாத ஒரு பெண் அவள் தலையைத் தன் மடியில் வைத்து அழுதாள். மேய்ப்பர் வீடு தேடி வந்தார். உன் அண்ணன் அன்றைக்குத்தான் பல மாதம் கழித்து வயிறாரச் சாப்பிட்டார்.

மாத்திரை நிறுத்தியது உண்மை. டிசம்பரிலிருந்து கொடுக்கவில்லை. அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். சில நேரம் பேசிக்கொண்டே இருக்கும்போது கண் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. நேற்று கையிலிருந்த தம்ளர் விழுந்தது, அவளுக்கே தெரியவில்லை. தூக்கக் குறைவாக இருக்கும்.

செத்துப்போன சபையில் யாரை எழுப்பப் பார்க்கிறாய், குட்டி? விட்டுவிட்டு வா. அந்தச் செயலர் கூட்டத்தோடு நீ ஒற்றையாய் மல்லுக்கு நிற்பதை நினைத்தாலே எனக்குத் தையலில் கவனம் நிற்பதில்லை.

இந்தக் கடிதம் உன் அண்ணனுக்குத் தெரியாது.

அன்புடன்
அண்ணி


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணி,

தூக்கக் குறைவு இல்லை. அது வலிப்பின் இன்னொரு வடிவம், அண்ணி. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பும். நான் டாக்டர் இல்லை, எக்ஸ்ரே எடுக்கிறவள்தான். ஆனால் விழுந்து எலும்பு முறிந்தவர்கள் என் மேஜைக்குத்தான் வருகிறார்கள். அவளுடைய டாக்டரைப் போய்ப் பார்த்தேன். உடனே அழைத்து வரச் சொன்னார். அது முடியாவிட்டால் இந்தப் பொட்டலத்தில் உள்ளதை அவர் எழுதியிருக்கிற அளவில் தொடங்கச் சொன்னார். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

இங்கே நடந்ததையும் சொல்கிறேன். கமிட்டியில் இருக்கிறாரே, கடிகாரக் கடைக்காரர், அவர் திங்கட்கிழமை என் அறைக்கு வந்தார். மணிக்கட்டு வலி என்று சீட்டு வாங்கி வந்திருந்தார். படம் எடுத்தேன். எலும்பில் ஒரு கீறல் இல்லை. சட்டைக் கையை நிதானமாக இறக்கிவிட்டபடியே கேட்டார்.

"ஏம்மா, இந்த எலும்பு ஒடிஞ்சா ஒட்ட எவ்வளவு நாளாகும்?"

"ஆறு வாரம் ஆகும்."

"பொம்பளப் பிள்ளைங்களுக்கு?"

"எல்லாருக்கும் அதேதான்."

"இல்ல, தனியா வண்டியில போய்ட்டு வர்றியே, அதான் கேட்டேன். கமிட்டி கிமிட்டின்னு எதுக்கும்மா உனக்கு? ஆண்டவர் உன்னைப் பத்திரமா வச்சிருக்கட்டும்."

அவர் போனபின் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெளியே நோயாளிகள் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

ஆயரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு, "எனக்கும் பிள்ளைங்க இருக்காங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

விட்டுவிட்டு வா என்கிறீர்கள். பெரியவளுக்கு நடந்ததை நான் மறக்கவில்லை. அந்தச் சபை உயிரோடு இருக்கிறது என்பதற்காகவும் நான் அங்கே இருக்கவில்லை. நானும் போய்விட்டால் கேட்க ஆளில்லாமல் கோயில் சாவி கடிகாரக்காரர் கையிலேயே இருக்கும். ஞானஸ்நானத்துக்குத் தூக்கி வருகிற குழந்தைக்கும், கடைசியாகப் பெட்டியில் வருகிறவருக்கும் அவர் மனசு வைத்தால்தான் கதவு திறக்கும். அதை நினைத்தால் போக மனம் வரவில்லை.

இன்னொன்று. உங்கள் மன்றத்தைப் பார்த்தாலும் எனக்குப் பயம். நம் கோயிலில் யாரும் யாரையும் கவனிப்பதில்லை. அங்கே எல்லோரும் எல்லோரையும் கவனிக்கிறார்கள். எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

மாத்திரை, அண்ணி. மாத்திரை.

குட்டி


மார்ச் 14

குட்டி,

அவசரமாக எழுதுகிறேன். துணி வெட்டும் மேஜையில் என் எதிரே நிற்கிற பெண்ணும் மன்றத்துக்கு வருகிறவள். இதுவரை அதை நான் பெரிதாக நினைத்ததில்லை. பொட்டலம் வந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

மாத்திரையைப் பெரியவளிடம் நேராகவே கொடுத்தேன். ஒளித்துக் கொடுக்க எனக்கு மனம் இல்லை, பத்தொன்பது வயதுப் பெண். வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஏம்மா, உனக்கு விசுவாசம் இல்லையா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, குட்டி. எனக்காகப் பரிதாபப்பட்டுக் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. மாத்திரையை என் கையிலேயே திரும்ப வைத்துவிட்டு, "அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள்.

அவள் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் மேய்ப்பரின் மனைவி, மன்றத்துச் சகோதரிகள் மூன்று பேரோடு வீட்டுக்கு வந்தார். என்னை நடுவில் உட்கார வைத்து என் தலைமேல் கை வைத்தார்கள். "இந்த வீட்டுல ஒரு சந்தேகம் ஒளிஞ்சிருக்கு, அதை வெளியே கொண்டு வாங்க ஆண்டவரே" என்று சத்தமாக ஜெபித்தார்கள். கைகள் கனத்தன. கண்ணைத் திறந்தபோது உன் அண்ணன் கதவோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அடித்தவரல்ல, அதட்டியவர்கூட அல்ல, உனக்கே தெரியும். ஆனால் அந்தப் பார்வை வேற்று மனிதருடையது.

மன்றத்தில் என்னை எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் எவ்வளவு மகிழ்ந்தேன்! இப்போது பின்னால் யாராவது என் பெயரைச் சொன்னாலே முதுகு சில்லிடுகிறது.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே. நானே எழுதுகிறேன். மாத்திரைப் பொட்டலம் என் தையல் மேஜையின் இழுப்பறையில் இருக்கிறது. அவள் எப்போது கேட்டாலும் கொடுப்பேன்.

ஆண்டுக் கூட்டத்துக்குத் தனியாகப் போகாதே.

அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணி,

எழுதாதே என்றீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். பெரியவள் விழுந்த அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுக்க மன்றத்துக்காரர்கள் நின்றதால் நாம் இருவரும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. நீங்கள் வந்து சேர்வதற்கு முன் என் அறைக்குள் நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும். அண்ணன் தானாகச் சொல்லமாட்டார்.

பெரியவளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தபோது தோள் இறங்கியிருந்தது. அண்ணன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். நான் முகக்கவசத்தில் இருந்ததால் என்னைத் தெரியவில்லை. எதனால் விழுந்தாள் என்று அவசரப் பிரிவு டாக்டர் கேட்டதற்கு, "குளியலறையில வழுக்கிட்டா" என்று சொல்லியிருக்கிறார். சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது.

கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். கதிர் படாமலிருக்கப் போடுகிற ஈய அங்கியை அவரிடம் நீட்டினேன். "போட்டுக்கோண்ணே" என்றேன். குரலைக் கேட்டு நிமிர்ந்தார்.

"நீயா?"

"டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லுண்ணே. தெரியாம எப்படி மருந்து குடுப்பாங்க?"

"அத்தனை பேர் முன்னாடி சொன்னேனே, குட்டி. ஆண்டவர் குணமாக்கிட்டார்னு சொன்னேனே. இப்ப மாத்திப் பேசினா அவரைப் பொய்யராக்கின மாதிரி ஆகாதா?"

"பொய் சொன்னது அவர் இல்லண்ணே."

அவர் பெரியவளின் கையைப் பிடித்தபடியே நின்றார். பிறகு மிகவும் சின்னக் குரலில், "பயமா இருக்கு" என்றார். எதற்கு என்று கேட்பதற்குள் மேஜைமேல் அவளுக்கு மறுபடி வந்துவிட்டது. பல் கிட்டி, உடம்பு வில்லாக வளைந்தது. நான் அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் அந்தக் கனத்த அங்கியோடேயே கதவைத் திறந்துகொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினார். "டாக்டர்! வலிப்பு! சின்ன வயசிலருந்து இருக்கு! மாத்திரைய நான்தான் நிறுத்தினேன்! நான்தான் நிறுத்தினேன்!" என்று கத்தினார். அங்கே மேய்ப்பர் நின்றிருந்தார். எல்லோரும் நின்றிருந்தார்கள். எல்லோர் காதிலும் விழுந்தது.

அண்ணனை வெறுக்காதீர்கள். வெறுக்கிற உரிமை உங்களுக்கு உண்டு. ஆனாலும் கேட்கிறேன்.

ஆண்டுக் கூட்டத்தில் நான் தோற்றேன். தேர்தல் வேண்டுமென்பவர்கள் கை தூக்கட்டும் என்றார் செயலர், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். முதலில் கை தூக்கியது ஆயருடைய மனைவி. ஆயர் அவரை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. ஆயரம்மாவைத் தொடர்ந்து பாடகர் குழுவில் இரண்டு மூன்று பேர். அதோடு முடிந்தது. வெளியே வந்தால் என் வண்டியின் டயர் இரண்டும் கிழிந்து கிடந்தன. இப்போது நடந்துதான் வேலைக்குப் போகிறேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் கடைக்குள் ஒதுங்கி, அவர்களை முன்னே போகவிட்டு நடக்கிறேன்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போனேன். ஆயரம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

உங்கள்
குட்டி


ஏப்ரல் 20

என் குட்டிக்கு,

பெரியவள் தோளில் கட்டோடு நடமாடுகிறாள். மாத்திரை சாப்பிடுகிறாள். முதல் நாள் அதை விழுங்கும்போது அழுதாள். யாரையோ காட்டிக்கொடுப்பது போல இருக்கிறதாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே மேய்ப்பர் உன் அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார். பிள்ளைக்குக் கிடைத்த சுகம் உண்மையானதுதான், வீட்டுக்குள் ஒருத்தி விசுவாசமில்லாமல் மாத்திரையை நீட்டியதால் அது பறிபோனது என்று மன்றத்தில் எழுந்து சொல்ல வேண்டும் என்றாராம். அப்படிச் சொன்னால் உன் அண்ணன் மேடையில் சொன்ன சாட்சி சாட்சியாகவே இருக்கும். அந்த ஒருத்தி நான்.

சொல்ல வேண்டிய அன்று உன் அண்ணன் மட்டும் மன்றத்துக்குப் போனார். நான் பிள்ளைகளோடு வீட்டில் இருந்தேன். சின்னவளின் பள்ளிப் பையில் ரெண்டு செட் துணி எடுத்து வைத்துவிட்டேன், குட்டி. அவர் சொல்லிவிட்டு வந்தால் உன் வீட்டுக்குப் புறப்பட்டிருப்பேன். வாசல் கேட் திறக்கிற சத்தம் கேட்டதும் அந்தப் பையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

சீக்கிரமே திரும்பி வந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"மைக்கக் குடுத்தாங்க. வாங்கினேன். வாய் வரல. கீழ வச்சுட்டு வந்துட்டேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. திரும்பல."

பையை அவர் பார்த்தார்.

அதன்பிறகு போன் ஓயாமல் அடிக்கிறது. சாபம் வந்து சேரும் என்று ஒரு குரல், நாங்கள் அழுதுகொண்டிருக்கிறோம் என்று இன்னொரு குரல். தையல் கூடத்தில் எதிர் மேஜைப் பெண் என் கத்தரிக்கோலைக்கூடத் தொடுவதில்லை. உன் அண்ணன் ஞாயிறு காலையில் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். ஜெபிக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கப் பயமாக இருக்கிறது. அவர் ஆண்டவருக்குப் பயப்படுகிறாரா, மேய்ப்பருக்கா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

போன ஞாயிறு பெரியவள்தான் கேட்டாள். "அப்பா, நாம இனிமே எங்கதான் போறது?"

"எங்கயும் வேண்டாம்."

"அத்தை கோயிலுக்குப் போலாமே."

"அங்க மட்டும் என்ன வாழுது? அங்கயும் பயம்தான்."

"ஆமா. அத்தை அங்க தனியா பயந்துட்டு இருக்காங்க."

அவர் எழுந்து ஒரு ஜன்னலைத் திறந்தார்.

நீ எங்களை ஒருமுறைகூட "திரும்பி வாங்க" என்று கூப்பிடவில்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது. வரும் ஞாயிறு வருகிறோம். சபையில் சேர வரவில்லை, அது இப்போதைக்கு எங்களால் ஆகாது. உன் பக்கத்தில் உட்கார வருகிறோம். ஆயரிடம் சொல்லாதே. யாருக்கும் எங்களை அறிமுகம் செய்யாதே. உன் அண்ணன் பாதி வழியில் திரும்பிவிட்டாலும் நானும் பெரியவளும் வந்துவிடுவோம்.

முன்வாசலில் கடிகாரக்காரர் நிற்பாரா? எந்தப் பக்கமாக வந்தால் உன்னிடம் சீக்கிரம் வந்து சேரலாம் என்று மட்டும் எழுது. இந்த முறை வீட்டு முகவரிக்கே எழுது.

உன்
அண்ணி