கோயில் கூரை போட்ட வருஷம்

அன்பு மகள் கண்மணிக்கு, புக்கிட் ரோத்தான் தோட்டத்திலிருந்து அப்பா ரெங்கசாமி. நான் சொல்லச் சொல்லக் கடைக்கார நஜீபா எழுதுகிறாள். போனில் பேசினால் உன் பக்கத்தில் கம்பெனி ஆபீஸ் ஆட்கள் இருப்பார்கள், அதனால்தான் கடிதம்.

முனியாண்டி கோயிலுக்குக் கம்பெனி எந்த வருஷம் கூரை போட்டுக் கொடுத்தது என்று கேட்டாய். அக்கரைக் காடு எரிந்து ஊரையே புகை மூடி, பட்டப்பகலில் பஸ்கள் விளக்குப் போட்டு ஓடினவே, டாலருக்கு எதிரே நம் வெள்ளிப் பணத்தின் மதிப்புச் சரிந்ததே, அந்த வருஷம்தான்.

வெள்ளி விழ விழ செம்பனை எண்ணெய் விலை ஏறியது. கம்பெனி அப்படி ஒரு லாபம் பார்த்ததில்லை. ஆலை ஓயாமல் ஓடியது. கழிவுக்குளம் தளும்பி நின்றது. புகை விலகி மழை பிடித்ததும் கரை உடைந்தது. விடிந்து பார்த்தால் ஆற்றுக்குப் போகும் கால்வாய் முழுக்கக் கறுப்புத் தண்ணீர். விராலும் கெளுத்தியும் வயிறு காட்டி மிதந்தன.

யாரும் ஆலையைக் குறை சொல்லவில்லை, மகளே. புகையினால் அந்த வருஷம் பூசையைத் தள்ளிப்போட்டிருந்தோம். சாமிக்குக் கடா குடுக்காம ஏய்ச்சா மீன் சாகாம என்னலா செய்யும் என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் நாராயணசாமி எல்லாரையும் ஏசினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டின வள்ளியம்மா மட்டும், முனியாண்டிக்கு ஏன்யா ஆலை நாத்தம் அடிக்குது என்று கேட்டாள். சிரித்து அவள் வாயை அடைத்தோம். மேனேஜர் அந்த வாரமே கடா வாங்கிக் கொடுத்தார், கூரையும் போட்டுக் கொடுத்தார். அதோடு பேச்சு அடங்கிவிட்டது.

இப்போது அந்தக் கூரைதான் உங்கள் சுற்றுச்சூழல் அறிக்கையின் அட்டைப்படம் என்கிறாய். குளம் ஒரு நாளும் உடைந்ததில்லை என்று உள்ளே எழுதுகிறார்கள், அதைப் பார்த்துத்தான் வெளிநாட்டு பேங்க் ஆலையைப் பெரிதாக்கப் பணம் கொடுக்கும், பங்கு விலையும் ஏறும் என்கிறாய். கீழே உன் பெயரும் வருமாம். 

போன வாரத்திலிருந்து கோயில் பக்கம் குளத்துக் கரை மறுபடி கசிகிறது. உன் அம்மா அந்தச் சேற்றை மிதித்துவிட்டு வந்து காலைச் சொறிந்துகொண்டே இருக்கிறாள். சூப்பர்வைசர் சுகுமாரனிடம் சொன்னேன். மழைத்தண்ணிதான் மாமா, பேசாம இருங்க, மகளுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகலதானே என்று சிரிக்கிறான். அவன் சிரித்த சிரிப்பு நன்றாக இல்லை.

உண்மையை எழுது என்று உன்னிடம் சொல்லவும் பயமாக இருக்கிறது. அறிக்கை அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை வந்து கரையைப் பார்த்துவிட்டுப் போ. வேளைக்குச் சாப்பிடு. முனியாண்டி உன் பக்கத்தில் நிற்கட்டும்.

அந்தக் காலையில் கால்வாயோரம் நின்றவர்களில் நாராயணசாமி போய்விட்டார். வள்ளியம்மாவும் போன தைப்பூசத்துக்கு முன்னால் போய்விட்டாள். எனக்கும் கண் மங்கிவிட்டது, கைநாட்டுக் கிழவன் பேச்சை யார் கேட்பார்கள்? என் தோளில் உட்கார்ந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, மீனெல்லாம் ஏம்பா தூங்குது என்று கேட்ட பிள்ளை ஒன்று இருந்தது. எனக்குப் பிறகு அதைப் பார்த்தவள் என்று இருக்கப்போவது அவள்தான். நீதான், கண்மணி.