காயல்பட்டினத்துப் பிறை

நவம்பர் 27, வெள்ளி

விடியும்போதே தூறல். ஜீப் வருவதற்குள் நின்றுவிட்டது. ஆனாலும் வடக்கே கறுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

கொண்டுவந்தவை: காலேஜ் தொலைநோக்கி (ஒரு கீறல் விழுந்தாலும் பிரின்சிபால் என்னைக் கீறிவிடுவார்), அதன் முக்காலி, குடை, டார்ச், அவல், தண்ணீர். மறந்தது: சீப்பு. நான்கு நாளைக்கு இனி கொண்டைதான்.

பிரின்சிபால் என் தலையில் கட்டிய வேலை. "விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறீங்க, பறவைப் பைத்தியம் வேற, நீங்க போகாம யார் போறது?" மில்லர் துரை, துரைசானி. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள். துரைக்குப் பறவை. துரைசானிக்குச் சோனகரின், அதாவது இந்தக் கரை முஸ்லிம்களின், பழைய பள்ளிவாசல்கள், அரபு எழுத்து வெட்டிய மீசான் கற்கள் என்கிற கல்லறைக் கற்கள். ஸ்பெயினில் மூர்கள் கட்டியதைப் பார்த்துவிட்டு வந்த மோகம். போர்ச்சுகீசியர் நம் கரைக்கு வந்தபோது இங்கிருந்த முஸ்லிம்களையும் மூர் என்றேதான் எழுதினார்களாம். தூத்துக்குடியில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வெட்கம்.

பறவைக்கு வழிகாட்டி நான். ஊருக்கு வழிகாட்டி செய்யிது. காயல்பட்டினத்துப் பையன்; பையன் என்ன, முப்பது இருக்கும். கொழும்பில் இரத்தினக்கல் கடையில் வேலை. நல்ல இங்கிலீஷ். மனைவிக்குப் பிரசவம் என்று லீவில் வந்திருக்கிறான். பெண் குழந்தை.

உப்பளம் முழுக்க நடை. உள்ளான், பவளக்கால் உள்ளான், ஆலா, கடற்காகம். பூநாரை ஒன்றுகூட இல்லை. துரை நோட்டை மூடிப் பையில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

நண்பகலில் துரை வானத்தைக் காட்டி "பைரி! பைரி!" என்று குதித்தார். நான் திரும்புவதற்குள் போய்விட்டது. செய்யிதும் பார்க்கவில்லை. சேர்க்கமாட்டேன் என்றேன். இரண்டு பேராவது பார்க்காத பறவை என் கணக்கில் ஏறாது, பிரின்சிபாலே பார்த்தாலும். துரைக்கு முகம் சுருங்கிவிட்டது.

செய்யிதுக்குச் சிரிப்பு. "டீச்சர், எங்க ஊர்ப் பள்ளிவாசல் கத்தீபு மாதிரில்லா இருக்கீங்க. பிறையப் பாத்தேன்னு ஒருத்தன் ஓடிவந்தா, கூட யாருலே பாத்தான்னுதான் மொதல்ல கேப்பாரு."

அவனுக்கு நோன்பு. உப்பு வெயிலில் ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் முக்காலியையும் தூக்கிக்கொண்டு வருகிறான். நான் பனைக்குப் பின்னால் ஒளிந்து குடித்தேன். "இங்கனயே குடிங்க டீச்சர், நோன்பு எனக்குத்தான, உங்களுக்கா?"

திரும்பும்போது அவனாகச் சொன்னது. ஞாயிறு சாயங்காலம் பிறை தெரிந்தால் திங்கட்கிழமை நோன்புப் பெருநாள். வீட்டில் பெருநாளைக் கொண்டாடிவிட்டு, சாயங்கால ரயிலேறி, இராமேஸ்வரம் போய்க் கப்பல் பிடிக்கலாம். தெரியாவிட்டால் நோன்பு முப்பது, பெருநாள் செவ்வாய். செவ்வாய் அவன் கப்பலில் இருப்பான். விசா அதோடு முடிகிறது, தள்ளிப்போட வழியில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மூன்று பெருநாள் போயிற்று. ஒன்றுக்கும் அவன் ஊரில் இல்லை.

"இந்தத் தடவ பிள்ளையும் இருக்கா, டீச்சர்" என்றான். முக்காலியைத் தோள் மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தான்.

கால் விரலெல்லாம் உப்பில் வெந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவியாயிற்று.

நவம்பர் 28, சனி

மழை இல்லை. மேகம் மட்டும். ஊருக்குள் வேலை.

பழைய பள்ளிவாசல். கல் தூண்கள், கொடியும் பூவும் செதுக்கியது. துரை மட்டும் செய்யிதோடு உள்ளே. துரைசானியும் நானும் வெளியே, வேப்பமரத்தடியில். அடக்கத்தலத்து மீசான் கற்களை ஓரத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதி. துரைசானி காகிதத்தை வைத்துக் கரி தேய்த்து எழுத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கச் சொன்னாள். செய்யிது போய்க் கேட்டுவிட்டு வந்து, "கையால பாத்து எழுதிக்கிடலாமாம், மேல தேய்க்கக் கூடாதாம்" என்றான். அந்த அம்மாள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிட்டாள். அவள் மேல் முதல்முறையாக மரியாதை வந்தது.

மத்தியானம் வேடிக்கை. இந்த ஊரில் வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் நடக்கிற முடுக்கு. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீடு, அங்கிருந்து அடுத்த தெரு, ஆண் கண்ணில் படாமல் ஊர் முழுக்கச் சுற்றலாம். செய்யிது வீட்டுக்குத் துரைசானியையும் என்னையும் ஒரு பெண் அந்த வழியாகக் கூட்டிப்போனாள். பின்னாலேயே துரையும் பைனாகுலரை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று வீட்டுப் பின்வாசல் படார் படாரென்று சாத்திக்கொண்டது. "யா அல்லா, ஆம்பளை!" என்று ஒரு குரல். மனிதர் சிவந்துபோய்த் திரும்பி ஓடினார். துரைசானி சிரித்துச் சிரித்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

உண்மையில் அது செய்யிதின் வீடு இல்லை. மனைவி வீடு. இந்த ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை வந்து குடியிருப்பான். எங்கள் நாசரேத்தில் சொன்னால் என் அத்தான் மயங்கி விழுவார்.

ஆமினா. இருபத்திரண்டு வயசுதான் இருக்கும். கண்ணில் மையும் தூக்கமும். மடியில் பிள்ளை. பெருநாளுக்கென்று பிள்ளைக்குத் தைத்த பச்சைப் பட்டுக் கவுனைக் காட்டினாள். உள்ளங்கை அகலம். பக்கத்தில் செய்யிதுக்கு ஒரு வெள்ளைச் சட்டை, அவளே தைத்தது. துரைசானிக்குக் காபி, எனக்கும். நோன்பு வைத்திருக்கிறவள் கையால் போட்டுத் தர, குடிக்கவே கூச்சம்.

"டீச்சர், உங்க குழாய்க் கண்ணாடில நட்சத்திரம், நிலாவெல்லாம் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"நாளைக்குச் சாயங்காலம் இங்கன கொண்டாருவீங்களா? மாடியில வச்சுப் பாக்கலாம். அவுகளுக்குச் சொல்லவேண்டாம்."

கொண்டுவருகிறேன் என்றேன். காலேஜ் சொத்தை மாடி மாடியாகத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

நவம்பர் 29, ஞாயிறு

பளீரென்று விடிந்தது. அட்வெண்ட் முதல் ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தம் தொடங்கும் நாள். கோயிலுக்குப் போகவில்லை. மன்னிப்பு கேட்டுக்கொண்டேன், நடந்துகொண்டே.

புன்னக்காயல், ஆற்று முகத்துவாரம். படகுக்கார அந்தோணி அண்ணாச்சி பூசை முடிந்த பிறகுதான் வருவேன் என்று உட்காரவைத்துவிட்டார். வந்ததும் எல்லாரையும் அதட்டல். "சத்தம் காட்டாதிய. ஏலே செய்யிது, அந்த முக்காலிய ஆட்டாத. அங்கன பாரு, திட்டுக்கு அங்கிட்டு."

பூநாரைகள்!

கூட்டமாக. கழுத்தைத் தண்ணீருக்குள் விட்டுத் தலைகீழாக மேய்ந்துகொண்டு. ஒன்று பறந்தது, பிறகு எல்லாமே எழுந்தன. இறக்கைக்குள் இருந்த சிவப்பு அப்போதுதான் தெரிந்தது. துரைக்குக் கண் நிறைந்துவிட்டது, கைக்குட்டை எடுத்தார். எனக்கும்தான். எனக்குக் கைக்குட்டை இல்லை, முந்தானை. ஐந்து பேரும் பார்த்தோம். கணக்கில் ஏற்றியாயிற்று.

செய்யிதுக்கு மட்டும் மனசு பறவையில் இல்லை. மேற்கே ஒரு மேகம் ஏறுவதையே பார்த்துக்கொண்டு வந்தான்.

சாயங்காலம். ஊரில் ஆண்களெல்லாம் கடற்கரை மணல்மேட்டில், மேற்கே பார்த்துக்கொண்டு. செய்யிதும் அங்கே. துரையும் கூடப் போனார், கழுத்தில் பைனாகுலரோடு. எதைப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது, ஆலா பார்க்கப் போனார். துரைசானியும் நானும் முடுக்கு வழியாக ஆமினா வீட்டுக்கு; அவள் கீழே பெண்களோடு, நான் மாடிக்கு. ஒவ்வொரு மாடியிலும் பெண்கள்.

சூரியன் பனைக்குள் இறங்கியது. பாங்கு சொன்னார்கள். ஆமினா ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு உடனே வந்து நின்றாள். கஞ்சி ஆறட்டும் என்றாள். மேகத்துக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி. தொலைநோக்கியை அதற்குள் மெதுவாக ஓட்டினேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு, இருந்தது. நகத்தை வெட்டிப் போட்டதைவிட மெலிசு. ஆனால் நிலாதான். சந்தேகமே இல்லை.

நகர்ந்து அவளை விட்டேன். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

"இருக்கு" என்றாள். உடனே குழாயை விட்டு விலகி வெறுங்கண்ணால் தேடினாள். "எங்க? எந்த இடம்?" அந்தப் பனைக்கு மேலே, இரண்டு விரல் உயரம். கண்ணைச் சுருக்கினாள், விரித்தாள், பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு பார்த்தாள். நானும் பார்த்தேன். இல்லை. பக்கத்து மாடியில் "தெரியுதா ளா?" "இல்ல ளா" (நம் "டி"க்கு இங்கே "ளா"). திரும்ப நான் குழாயில் கண்ணை வைப்பதற்குள் மேகம் மூடிவிட்டது. சனியன் பிடித்த மேகம்.

கீழே போய்ச் சொல்கிறேன் என்றேன். "நானே போய்ச் சொல்றேன் ஆமினா. நான் பார்த்தேன், நீ பார்த்தாய். ரெண்டு பேர்."

"வேண்டாம் டீச்சர். கண்ணாடில பாத்தத எங்க ஊருல எடுத்துக்கிட மாட்டாங்க. கண்ணாலதான் பாக்கணும்."

"இருக்கிறதை இல்லை என்பதா?" எனக்கு நிஜமாகவே கோபம். யார் மேல் என்று தெரியவில்லை.

"இல்லன்னு யாரு சொன்னா? இருக்கு. ஆனா ஊருக்கெல்லாம் செவ்வாக்கிழமன்னா எனக்கும் செவ்வாக்கிழமதான். நான் மட்டும் நாளைக்குப் பெருநாளு கொண்டாட முடியுமா?" சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவுகள்ட்ட சொல்லிராதீங்க. தெரிஞ்சா கப்பல் பூரா அதையே நெனச்சு நெனச்சு வேகும் அந்த மனசு. தெரியாமலே போகட்டும்."

சொல்லமாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அந்தப் பைரி ஞாபகம் வந்தது. துரை முகம் சுருங்கியது. பாவம், அவர் பார்த்துத்தான் இருப்பார்.

கடற்கரையிலிருந்து தகவல்: பிறை தெரியவில்லை. நாளைக்கும் நோன்பு.

செய்யிது எங்கள் மூவரையும் தங்குமிடத்தில் விட வந்தான். "மேகம் டீச்சர், என்ன செய்ய" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். துரை மட்டும் உற்சாகமாக, ஆலா பற்றி.

நவம்பர் 30, திங்கள்

வெயில். ஒரு மேகம் இல்லை இன்று! கேட்டால் கிடைக்காது, கேட்காவிட்டால் கொட்டும்.

துரையும் துரைசானியும் ஜீப்பில் தூத்துக்குடி கிளம்பிவிட்டார்கள். துரைசானி கட்டிக்கொண்டாள். தொலைநோக்கியையும் அவர்களோடு காலேஜுக்கு அனுப்பியாயிற்று, கீறல் இல்லை. போகுமுன் துரை தாங்க்ஸ் சொன்னார், மூன்று தடவை. பைரியைச் சேர்த்துக்கொள்கிறேன் என்றேன், அடைப்புக்குறிக்குள். மனிதருக்கு வாயெல்லாம் பல்.

நான் நாசரேத்துக்கு, அக்கா வீட்டுக்கு. சாயங்கால ரயில். அதே ரயிலில் செய்யிது.

ஸ்டேஷனுக்குப் பெண்கள் வரவில்லை. வீட்டிலேயே விடைபெற்றாயிற்றாம். கையில் ஒரு பெட்டி, ஒரு தூக்குவாளி. வாளியில் வட்டிலப்பம், பெருநாள் பலகாரம்; நாளைக்குக் காலையில் கப்பலில் புதுச்சட்டை போட்டுக்கொண்டுதான் திறக்க வேண்டும் என்று ஆமினா கட்டளை. வாசலில் பிள்ளைக்குப் பச்சைக் கவுன் போட்டுக் காட்டினாளாம். "பெருநாளைக்கு உள்ளதுதான அது? இன்னைக்கே ஏன்னு கேட்டேன். அளவு சரியா இருக்கான்னு பாக்கன்னா" என்றான்.

ஆறுமுகநேரி தாண்டிப் பாங்கு நேரம். ஒரு பேரீச்சம்பழம், என் பாட்டில் தண்ணீர். எனக்கும் ஒரு பழம் கொடுத்தான். ஜன்னலுக்கு வெளியே பிறை. எல்லாருக்கும் தெரிகிற பிறை. பெட்டியில் இருந்த சின்னப்பிள்ளைகூடக் கைநீட்டிக் காட்டியது.

அவன் அதையே பார்த்துக்கொண்டு பழக்கொட்டையை வெளியே போட்டான்.

"டீச்சர், ஒண்ணு சொன்னா யாருட்டயும் சொல்லமாட்டீங்களே."

சொல் என்றேன்.

"நேத்து மணல்மேட்டுல தொரையோட கண்ணாடிய வாங்கிப் பாத்தேன். பிறை இருந்துது. நல்லாத் தெரிஞ்சுது. கண்ணாடிய எடுத்தா இல்ல. சொல்லிப் பிரயோசனம் இல்லன்னு சொல்லல." வாளியை மடியில் இறுக்கிக்கொண்டான். "ஆமினாட்ட சொல்லிராதீங்க. பிறை இருந்துதுன்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா."

சொல்லமாட்டேன் என்றேன். நாசரேத் வந்ததும் இறங்கிக்கொண்டேன்.

அக்கா வீடு. இட்லி. அத்தானுக்கு ஜலதோஷம்.

வெவ்வேறு இடத்திலிருந்து, ஒரே நேரத்தில், இரண்டு பேர் பார்த்தது. என் கணக்கில் ஏறும்.