சகலையின் கிட்னியும் என் கிட்னியும்

அன்பு மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மருமகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பெரிய பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போன வருஷம், நீ பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்றொன்று வாங்கிய வருஷம், பாலம் போன பதினெட்டாம் நாள் எனக்குக் கிட்னி வைத்தார்கள். விபத்தில் இறந்த யாரோ ஒருவருடையது, வலது எனக்கு, இடது பக்கத்துக் கட்டில் சலூன்காரருக்கு. ஒரே வீட்டில் பெண் எடுத்த மாதிரி ஒரே உடம்பில் எடுத்தவர்கள் என்று நர்ஸம்மா எங்களைச் சகலைகள் ஆக்கிவிட்டார். அன்று முதல் பத்தொன்பது வருஷம் சகலைதான். ஒரே டாக்டர், ஒரே மாத்திரை, ஆனால் எனக்கு முகம் பூசணிக்காயாக வீங்கியது, அவருக்கு மீசைதான் அடர்ந்தது. கொத்தனாரான என் கை நடுங்கிப் பூச்சு அலையலையாக வந்தது, கத்தி பிடிக்கிற அவர் கை கல் மாதிரி நின்றது. ரத்தப் பரிசோதனையில் கிட்னி நம்பர், குறைவாக இருந்தால்தான் நல்லது, அவருக்கு எப்போதும் ஒன்று புள்ளி இரண்டு, எனக்கு ஒன்று புள்ளி எட்டு. எழுத்துதான் தெரியாது, இரண்டு பேர் நம்பரையும் வருஷவாரியாக இப்போது கேட்டாலும் சொல்வேன். "என்ன சகலை, உங்க வீட்டுக்காரம்மா இன்னும் கோவமாத்தான் இருக்காங்களா?" என்பார், என் கிட்னியைத்தான். நானும் சிரிப்பேன், வயிறு பற்றி எரியும்.

நான்கு வருஷத்துக்கு முன் அவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டதென்று டாக்டர் ஒரு வெள்ளை மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். "எனக்கு ஒண்ணு கொறைஞ்சிடுச்சு சகலை" என்று அவர் சொன்ன தோரணை எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே நானும் வெள்ளையை நிறுத்தினேன். அக்கா டப்பாவில் போட்டு வைத்ததை எடுத்துச் சட்டைப் பையில் ஒளித்து வெளியே எறிவேன். என் டப்பாவில் வெள்ளை இரண்டு வகை, நிறம் பார்த்து எடுக்கிறவன் நான், நான் நிறுத்தியது அவர் நிறுத்தியதை அல்ல, கிட்னியைக் காக்கிற மற்ற வெள்ளையை. ஏழு மாதம். நம்பர் மூன்றைத் தாண்டியது. "இவ்வளவு வருஷம் ஓடினதே பெரிசு பெரியவரே" என்றார் டாக்டர், நானும் தலையாட்டினேன். ஒருநாள் சலூனில் என் பையிலிருந்து மாத்திரை கீழே உருண்டது, சகலை பாதிச் சவரத்தில் கத்தியை நிறுத்திவிட்டார். "யோவ், என்னப் பாத்து எரியிறதுக்கு உன் கிட்னிய ஏன்யா கொளுத்துற?" அன்றே மறுபடி போட ஆரம்பித்தேன், ஆனால் கெட்டது கெட்டதுதான், இப்போது டயாலிசிஸ் வரை வந்துவிட்டது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்றார், சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. எங்களைப் போன்றவர்களில் பலருக்குக் கிட்னியை முந்திக்கொண்டு இதயம் போய்விடுமாம். கடைசிப் பரிசோதனையிலும் ஒன்று புள்ளி இரண்டு. நான் அழுதேன், அழும்போதும் டயாலிசிஸ் நாற்காலியைப் பார்க்காமலே தப்பித்துவிட்டானே என்றுதான் உள்ளே ஓடியது.

இப்போது நீ உன் கிட்னியைத் தருகிறேன், லீவு போட்டுவிட்டேன் என்கிறாய். எல்லோரும் விதி என்கிறார்கள், விதி இல்லை, நான். இதைச் சொன்னதும் அக்கா பேனாவை வைத்துவிட்டாள். "வேணாம்பா, இத எழுதினா அவன் வரமாட்டான்" என்கிறாள். எழுது என்று மறுபடி பேனாவை எடுக்க வைத்தேன். வராவிட்டால் போகட்டும், தெரியாமல் மட்டும் தராதே. தெரிந்தும் வந்தால், மாத்திரை உள்ளே போனதா என்று என் வாயைத் திறந்து பார்க்கிற வேலை உன்னுடையது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடி, உப்பைக் குறை. அந்த வருஷம் அந்த வார்டில் நாங்கள் ஐந்து பேர். கண்டக்டர் இரண்டாம் வருஷமே நுரையீரல் காய்ச்சலில் போனார், தையல்காரம்மா உடம்பு தேறிவிட்டதென்று மாத்திரையை விட்டதில், வாத்தியார் கழுத்தில் வந்த கட்டியில், இப்போது சகலை. மிச்சம் இருப்பது,

உன் அப்பா
(கைநாட்டு)